பொட்டாசியம் மருந்தான வரலாறு

மனித உடலிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள் அடங்கியிருக்கிறது. வெளியே, ரத்தத்தில் கரைந்திருப்பது மிகச் சொற்பம்: லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. இந்தச் சொற்ப அளவுதான் இதயத் துடிப்பின் சீரைத் தீர்மானிக்கிறது. அது 2.5-க்குக் கீழே இறங்கினால் தசைகள் தளர்ந்து துடிப்பு தாறுமாறாகும், 6.5-ஐத் தாண்டினால் இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. குறைந்தாலும் கூடினாலும் ஆபத்தான இந்த உப்பை எப்படிப் பத்திரமாகக் கொடுப்பது என்று மருத்துவம் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தப் பாடங்களில் பல உயிர்களை இழந்த பிறகே கிடைத்தன.

மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, 1807-இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி பொட்டாசியத்தைத் தனிமமாகப் பிரித்தார். உடலில் அதன் வேலை புலப்பட மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1880-களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, அதைத் துடிக்க வைத்திருக்க எந்தெந்த உப்புகள் வேண்டும் என்று ஆராய்ந்தார். சோடியம் மட்டும் போதவில்லை. கால்சியமும் பொட்டாசியமும் தகுந்த விகிதத்தில் இருந்தால்தான் துடிப்பு நீடித்தது. பொட்டாசியம் மிகுந்தபோது இதயம் சுருங்க முடியாமல் தளர்ந்த நிலையில் நின்றது. பின்னாளில் நடந்த விபத்துகள் பலவற்றுக்கும் விளக்கம் அந்தத் தவளை இதயத்திலேயே இருந்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வின்க்ளரும் அவருடைய கூட்டாளிகளும் 1938-இல் நாய்களுக்குப் பொட்டாசியம் குளோரைடை மெல்ல மெல்ல ஏற்றி, ரத்த அளவு கூடக்கூட இசிஜி எப்படி மாறுகிறது என்று படிப்படியாகப் பதிவு செய்தார்கள். அதே யேலில் டேனியல் டாரோ, வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைகள் நீரோடும் சோடியத்தோடும் சேர்த்துப் பொட்டாசியத்தையும் பெருமளவு இழப்பதைக் காட்டி, 1940-களில் அதையும் திரவத்தில் சேர்த்துக் கொடுத்தார். அதே காலத்தில் வந்த சுடர் ஒளிமானி இந்தச் சிகிச்சைக்குக் கண் கொடுத்தது. அதற்கு முன் ரத்தத்தில் பொட்டாசியத்தை அளப்பது பல மணி நேர வேதியியல் வேலை. அளவு தெரிவதற்குள் நோயாளியின் நிலை மாறிவிடும். அளந்து பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்தக் கருவிக்குப் பிறகே வேரூன்றியது.

மாத்திரை வடிவத்துக்கு வழி திறந்தது ரத்த அழுத்தச் சிகிச்சை. 1958-இல் குளோரோதயசைடு என்னும் நீர் மாத்திரை சந்தைக்கு வந்தது. சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறியதால், ஈடுகட்டப் பொட்டாசியம் குளோரைடும் தரவேண்டியிருந்தது. அது வயிற்றைப் புரட்டும் என்பதால், இரைப்பையில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி மேலுறை போட்டார்கள். யோசனை நல்லதாகவே பட்டது. ஆனால் 1964 வாக்கில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் அறுவை மருத்துவர்கள் விசித்திரமான புண்களைக் கண்டார்கள். சிறுகுடலின் ஒரே இடத்தில் வளையம்போலப் புண் சுற்றியிருக்கும். அது ஆறும்போது குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். உறை கரைந்ததும் மாத்திரையின் உப்பு முழுவதும் ஒரே இடத்தில் செறிந்து கொட்டியதே காரணம். அதற்கு மாற்றாக, மெழுகில் உப்பைப் பொதிந்து மணிக்கணக்கில் கசியவிடும் மாத்திரைகள் வந்தன. உப்பு கரைந்தபின் வெறும் மெழுகுக்கூடு மலத்தில் முழு மாத்திரைபோலவே வெளிவரும். அதைக் கண்டு மருந்து சேரவில்லையோ என்று நோயாளிகள் பதறுவதுண்டு. அது கவலைப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனால் இதே மாத்திரையைப் பொடித்தோ மென்றோ தின்றால் பழைய ஆபத்து திரும்பிவரும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும் என்ற விதி இப்படிப் பிறந்ததுதான். கடைகளில் நேரடியாக விற்கும் அமெரிக்கச் சத்து மாத்திரைகள் பலவற்றில் பொட்டாசியம் 99 மில்லிகிராமோடு நிற்பதற்கும் அந்தக் குடல் புண்களே முக்கியக் காரணம்.

வயிற்றுப்போக்குக்கான வாய்வழித் திரவத்திலும் பொட்டாசியம் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிடவில்லை. 1971-இல் மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்த வாய்வழித் திரவத்தில் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவை மட்டுமே இருந்தன. 1975-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்ற ஓஆர்எஸ் பொட்டலத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்தது. 2002-இல் சோடியத்தையும் குளுக்கோஸையும் குறைத்தபோதும் அந்த 1.5 கிராம் மாறவில்லை.

அதே 1.5 கிராம், பத்து மில்லிலிட்டர் கொண்ட 15 சதவீத ஆம்பூல் ஒன்றிலும் இருக்கிறது. லிட்டர் தண்ணீரில் கரைத்து வாய்வழியே மெல்லப் பருகினால் உயிர் காக்கும் அந்த அளவு, நீர்க்காமல் நேராக ரத்தக் குழாயில் ஏறினால் நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடும். வார்டு மேசையில் இந்த ஆம்பூலும் சலைன், வாலை வடிநீர் ஆம்பூல்களும் ஒன்றுபோலத் தோற்றமளித்து அருகருகே இருந்ததே பல மரணங்களுக்கு வழிவகுத்தது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்க அமைப்பு 1998-இல் ஆராய்ந்த பத்து மரணங்களில் எட்டு, செறிவான கரைசலை நீர்க்காமல் ஏற்றியதால் நேர்ந்தவை. இதற்காகச் செவிலியரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது; பிழை நேர இடம்கொடுத்தது அந்த ஏற்பாடு. செறிவான ஆம்பூல்களைப் பொது வார்டிலிருந்து அகற்றிப் பூட்டி வைக்கும்படி 2002-இல் பிரிட்டன் எச்சரிக்கை விடுத்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் அதே வழியைக் காட்டியது. இன்று சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதைவிட வேகம் வேண்டுமானால் இதயத் துடிப்பைத் திரையில் கண்காணித்தாக வேண்டும்.

கடைசியாக வந்த ஆபத்து மருந்துகளின் கூட்டு. ஸ்பைரனோலாக்டோனும் ஏஸ் தடுப்பான்களும் பொட்டாசியத்தை உடலிலேயே தேக்குபவை. இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரனோலாக்டோன் பலன் தருவதாக 1999-இல் ஓர் ஆய்வு வெளியானதும் அதன் பயன்பாடு பெருகியது. கனடாவின் ஒன்டாரியோவில் ஏஸ் தடுப்பான் எடுத்துவந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசியம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தோர் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4, 2001-இல் 11. உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பும் இதே கணக்கில் சேரும். சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வொன்று 2021-இல் அது பக்கவாதத்தைக் குறைப்பதாகக் காட்டியது; ஆனால் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பொட்டாசியம் மிகுந்த இளநீரைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் தடுப்பதும் அதனால்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மேற்சொன்ன மருந்துகளை எடுப்பவர்களும் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லாமல் பொட்டாசியம் மாத்திரையையோ சிரப்பையோ மாற்று உப்பையோ தாமாகத் தொடங்கக் கூடாது.