பழைய விசையுந்து மீளமைப்பு

பழைய விசையுந்து மீளமைப்பு என்பது, பயன்பாட்டிலிருந்து நீங்கிய அல்லது பழைய இரும்புக் கடையில் உடைக்கப்படவிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை மீட்டு, அது ஆலையிலிருந்து வெளிவந்த காலத்து வடிவத்துக்கும் இயங்குநிலைக்கும் கொண்டுவரும் பணியாகும். இது பழுதுபார்த்தலிலிருந்து வேறுபட்டது. பழுதுபார்த்தலின் நோக்கம் வண்டியை ஓடச் செய்வது மட்டுமே. மீளமைப்பிலோ, எந்தப் பாகம் அவ்வண்டிக்கு உரியது, எது பின்னாளில் சேர்க்கப்பட்டது, எதை மாற்றலாம், எதை மாற்றாமல் விட வேண்டும் என்னும் கேள்விகளுக்கும் விடை காண வேண்டியுள்ளது.

இந்தியாவில் ராயல் என்ஃபீல்டு புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் ஆகிய வண்டிகள் பெரிதும் மீளமைக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் செயல்முறைகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350 வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

பழைய வண்டி என்பதன் வரையறை

எவ்வளவு பழைய வண்டியை 'விண்டேஜ்' என்று அழைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 1946-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், 1915 முதல் 1930 வரை உருவான வண்டிகளையே அப்பெயரால் குறிக்கிறது. 1966-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பழைய ஊர்திகள் கூட்டமைப்பு (ஃபீவா), குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும், வரலாற்று முறைப்படி பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான ஊர்தியை வரலாற்று ஊர்தி என்கிறது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பெருமளவில் மாற்றப்படாததுமான இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளே விண்டேஜ் ஊர்திகள் ஆகும். பேச்சு வழக்கில் இச்சொல் உற்பத்தி நின்றுபோன எந்தப் பழைய வண்டியையும் குறிக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. 1955-இல் அந்நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கு ஒன்றுசேர்க்கப்பட்டன. பின்னர் திருவொற்றியூர் ஆலையிலேயே பாகங்கள் உற்பத்தி செய்யப்பட்டன. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. ஆனால் சென்னையில் அதே அடிப்படை வடிவமைப்பு, சிறு மாற்றங்களுடன் 2010 வாக்கில் புதிய எஞ்சின் முழுமையாக அதன் இடத்தைப் பிடிக்கும் வரை தொடர்ந்தது.

மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பைப் பின்பற்றி ஜாவா வண்டிகளையும், பின்னர் யெஸ்டி என்னும் பெயரில் வண்டிகளையும் உருவாக்கி 1996-இல் மூடப்பட்டது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் 175, போலந்து நாட்டின் எஸ்எச்எல் எம்11 வண்டியைத் தழுவியது.

ஒரே வடிவமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததால் புல்லட்டுக்கு இரு விளைவுகள் உண்டாயின. முதலாவது, 1960-களின் வண்டிக்கும் 1990-களின் பாகங்கள் பல பொருந்துகின்றன; ஆகவே மீளமைப்பது எளிது. இரண்டாவது, அதே காரணத்தால் பல வண்டிகளின் பாகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒரு வண்டியில் எஞ்சியிருப்பவற்றுள் எது அதற்கே உரியது என்று அறிவது கடினம்.

பழைய இரும்புக் கடைகள்

சென்னையில் புதுப்பேட்டை, தில்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவை பழைய ஊர்திப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள். பழைய இரும்புக் கடை சென்னை வழக்கில் 'காயலான் கடை' எனப்படுகிறது. விபத்துக்குள்ளானவை, உரிமையாளர் கைவிட்டவை, அரசுத் துறைகள் ஏலத்தில் கழித்தவை எனப் பலவகை வண்டிகள் இத்தகைய கடைகளுக்கு வருகின்றன.

இங்கு வண்டியின் மதிப்பு அதன் வரலாற்றைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. விற்கத்தக்க உதிரிப்பாகங்கள் கழற்றப்பட்டபின், எஞ்சியவை உலோகத்தின் எடைக்கு விலைபோகின்றன. அலுமினியம், செம்பு ஆகியவற்றுக்கு இரும்பைவிடக் கூடுதல் விலை கிடைப்பதால், அலுமினிய எஞ்சின் உறைகளும் மின்கம்பிகளும் எளிதில் மறைந்துவிடுகின்றன. எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்த உறையில்தான். எனவே உறை உருக்கப்பட்டால் வண்டியின் அடையாளத்தில் பாதி அழிந்துவிடுகிறது.

அடையாளமும் ஆவணங்களும்

மீளமைப்பின் முதற்பணி கருவிப்பெட்டியைத் திறப்பதன்று, எண்களைப் படிப்பதாகும். புல்லட்டில் சட்டக எண், கைப்பிடித் தண்டு செல்லும் தலைக்குழாய்ப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் எஞ்சினின் உறைமீது இருக்கும். இவ்விரண்டும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடம், பற்றவைப்பின் அடையாளம், எழுத்துகளின் ஆழத்திலும் வடிவத்திலும் வேறுபாடு ஆகியவை காணப்பட்டால், எண் மாற்றப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். திருட்டு வண்டியன்று என்பதையும் காவல்துறை ஆவணங்கள் வழியே உறுதி செய்வது நன்று.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி சொந்தப் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் அதைப் புதுப்பிக்க வேண்டும். அழிந்த அல்லது நிரந்தரமாகப் பயன்படாத ஊர்தியின் பதிவை நீக்கவும் அச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு வழிசெய்கிறது. பதிவு நீக்கப்பட்ட வண்டியை எவ்வளவு செம்மையாக மீளமைத்தாலும் அதனால் மட்டும் அது சாலைக்குரிய வண்டியாகிவிடாது. இதனை அறியாமல் பெரும்பணம் செலவிட்டு, இறுதியில் வண்டியைக் காட்சிப்பொருளாக மட்டும் வைத்திருக்க நேர்வதுண்டு.

2021 விதிகளின்படி, புதிதாகப் பதிவாகும் விண்டேஜ் ஊர்திக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட பதிவெண் வழங்கப்படுகிறது. புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாயாகவும், மறுபதிவுக்கான கட்டணம் 5,000 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டன. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான ஊர்தியாயின் அதன் பழைய பதிவுச் சான்று கோரப்படுகிறது. கண்காட்சி, பழைய ஊர்திகளின் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே இவ்வூர்திகளைச் சாலையில் ஓட்டலாம். சட்டகம், எஞ்சின் ஆகியவை மாற்றப்பட்ட வண்டி இவ்வரையறைக்குள் வாராது.

செயல்முறை

ஆவணப்படுத்தல்

வண்டியைக் கழுவும் முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. தொட்டியின் அடிப்பகுதி, கருவிப்பெட்டியின் உட்புறம் போன்ற வெயில் படாத இடங்களில் முதல் வண்ணம் எஞ்சியிருக்கும். அங்கு மென்மையான உப்புத்தாளால் அடுக்கடுக்காகத் தேய்த்தால், பின்னாளில் பூசப்பட்ட வண்ணங்களுக்குக் கீழே ஆலை வண்ணம் வெளிப்படும். படைத்துறையில் இருந்த வண்டிகளில் பிரிவுக் குறியீடுகளும் இவ்வாறு கிடைக்கக்கூடும். வண்டி முழுவதையும் முதலிலேயே மணல் வீசித் தூய்மை செய்தால் இச்சான்றுகள் அனைத்தும் ஒரே நாளில் அழிந்துவிடும்.

பிரித்தல்

நெடுநாள் மழையில் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டரோடு இறுகியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிப் பல நாட்கள் ஊறவிட வேண்டும். பிஸ்டனைச் சுத்தியலால் அடித்தாலோ உதைகோலை மிதித்து வலிந்து திருப்பினாலோ, பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பல்சக்கரங்களும் சேதமடையும்.

பழைய புல்லட்டில் பிரித்தானிய அளவுமுறை மரைகள் பல உள்ளன. இவை மெட்ரிக் மரைகளைப் போலத் தோன்றினாலும் அவற்றோடு பொருந்துவதில்லை. கிடைத்த போல்ட்டை இறுக்கித் திருகினால் அலுமினிய உறையின் மரை அழிந்துவிடும். எனவே கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் அதன் இடத்தின் பெயர் எழுதிய பையில் தனியே வைக்கப்படுகிறது.

எஞ்சின்

புல்லட் 350 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்துவர். ஒவ்வொரு முறையும் சுவரின் கனம் குறைவதால், தேவையான அளவுக்கு மேல் கடைதல் கூடாது. எல்லை கடந்த சிலிண்டருக்குப் புதிய உள்ளுறை பொருத்தப்படும்.

கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இந்த எஞ்சின் மிதக்கும் புஷ் ஒன்றைக் கொண்டது. எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டால் முதலில் கெடுவது இதுவே. எண்ணெய்த் தொட்டி தனியாக இன்றி எஞ்சின் உறைக்குள்ளேயே அமைந்துள்ளது. எண்ணெயை அனுப்புவதற்கு ஒரு பம்பும் திரும்ப இழுப்பதற்கு மற்றொரு பம்பும் உள்ளன. உறையின் அடியில் பல ஆண்டுகளாகத் தங்கிய கசடை முற்றிலும் நீக்காமல் எஞ்சினைப் பூட்டினால், அக்கசடு எண்ணெய் வழிகளை அடைத்துவிடும்.

வால்வுகள் அவற்றின் இருக்கைகளோடு தேய்பசையிட்டுப் பொருத்தப்படுகின்றன. தள்ளுகோல்களுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி இருத்தலாகாது. ஆயினும் கோல் விரலால் எளிதில் சுழல வேண்டும்.

சட்டகமும் சக்கரங்களும்

விபத்துக்குள்ளான வண்டியில் சட்டகம் வளைந்திருக்கலாம். வண்ணம் பூசுவதற்கு முன்பே அதன் நேர்மை அளந்து பார்க்கப்படுகிறது. பற்றவைத்து ஒட்டிய தலைக்குழாய் உயிருக்கு ஆபத்தானது. ஓட்டத்தின்போது அது முறிந்தால் முன்சக்கரம் வண்டியிலிருந்து பிரிந்துவிடும். சக்கரங்களின் ஆரக்கம்பிகளைச் சீராக இறுக்கி, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் கோணல் நீக்கப்படுகிறது.

தொட்டி, வண்ணம், முலாம்

பெட்ரோல் தொட்டியின் உட்துரு மென்மையான அமிலத்தாலோ மின்பகுப்பு முறையாலோ நீக்கப்படுகிறது. மின்பகுப்பில் சலவைச்சோடாக் கரைசலும் சாதாரண இரும்பு நேர்மின்வாயும் பயன்படுகின்றன. துருவேறா எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். குரோமிய முலாமுக்கு அடியில் நிக்கல் அடுக்கு தேவை. அடித்தளம் சரியாக மெருகேற்றப்படாவிடில் முலாம் விரைவில் உரியும். புல்லட் தொட்டியின் பொன்னிறக் கோடுகள் ஆலையில் கையால் வரையப்பட்டவை. ஆகவே அவற்றின் தடிப்பில் உள்ள சிறு வேறுபாடு குறையன்று, அசலுக்குச் சான்றாகும்.

மின் அமைப்பும் முதல் இயக்கமும்

பழைய வண்டிகள் பல 6 வோல்ட்டு மின்னமைப்பு உடையவை. காப்புறை வெடித்த கம்பிகளை முழுவதும் மாற்றுவதே பாதுகாப்பானது. புல்லட்டில் தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்கப்படுகிறது. முதன்முறை இயக்கும்போது, எண்ணெய் வால்வுப் பகுதி வரை சென்று சேர்கிறதா என்பது உறுதி செய்யப்படுகிறது. புதிய பிஸ்டன் பொருத்திய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு மிதமான வேகத்திலேயே ஓட்ட வேண்டும்.

இன்றைய எரிபொருளும் பழைய எஞ்சினும்

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மென்மையான இரும்பு இருக்கை கொண்ட மிகப் பழைய எஞ்சின்களில் ஈயம் வால்வு இருக்கை தேய்வதைத் தடுத்து வந்தது. அத்தகைய எஞ்சின்களில் கடினமான இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பரவலாகியது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் ஓடாத வண்டியின் தொட்டி துருப்பிடிக்கலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் அது கெடுக்கக்கூடும். எனவே அவை எத்தனாலைத் தாங்கும் பொருளால் ஆனவையாக மாற்றப்படுகின்றன.

பாதுகாப்பு

பெட்ரோல் தொட்டியைப் பற்றவைத்தல் இப்பணியில் மிகவும் ஆபத்தானது. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த தொட்டியிலும் ஆவி தங்கி வெடிக்கக்கூடும். பழைய பிரேக், கிளட்ச் உராய்பட்டைகளில் கல்நார் இருக்கலாம். அத்தூசியைக் காற்று வீசி ஊதக் கூடாது; ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்நிலையில் தேய்ப்பதும் தவிர்க்கத்தக்கது.

பேணுதலும் புதுப்பித்தலும்

மீளமைப்பாளரிடையே நீடிக்கும் கருத்து வேறுபாடு, எவ்வளவு புதுப்பிக்கலாம் என்பது பற்றியதாகும். ஒரு சாரார் வண்டி ஆலையிலிருந்து அன்று வந்ததுபோல் மின்ன வேண்டும் என்பர். மற்றொரு சாரார், தேய்மானமும் மங்கிய வண்ணமும் அவ்வண்டியின் வரலாறு என்பர். புதிய பாகங்களை எப்போது வேண்டுமானாலும் பொருத்தலாம்; நீக்கப்பட்ட அசலை மீண்டும் உருவாக்க இயலாது என்பது இவர்களின் வாதம்.

ஃபீவா அமைப்பின் டூரின் சாசனம் பேணுதலுக்கு முதலிடம் தந்து, தேவையான அளவுக்கே தலையிட வேண்டும் என்கிறது. மாற்றிய பாகங்களுக்கு அடையாளமிடவும், செய்த பணிகளைப் பதிவு செய்யவும் அது பரிந்துரைக்கிறது. எனினும் பிரேக், டயர், மின்கம்பி போன்ற உயிர்ப்பாதுகாப்புக்குரிய பாகங்களில் பழமைக்காகக் கெட்டதை விட்டுவைத்தல் பொருந்தாது.

காயலான் கடையிலிருந்து வரும் வண்டி பெரும்பாலும் முழுமையற்றது என்பதால், இருப்பதை அப்படியே பேணுதல் எப்போதும் இயல்வதன்று. அந்நிலையில் சட்டகம், எஞ்சின் உறை, தொட்டி ஆகியவற்றை இயன்றவரை காத்து, பிறவற்றை அக்காலத்துக்குரிய பாகங்களால் நிரப்புவது வழக்கம். கழற்றிய பழைய பாகங்களைப் பெயரிட்டுச் சேமித்து, ஒளிப்படங்களையும் வாங்கிய சீட்டுகளையும் வண்டியின் ஆவணங்களோடு வைப்பதும் மீளமைப்பின் பகுதியே ஆகும். அடுத்து அவ்வண்டியைப் பெறுபவர் எது அசல், எது மாற்று என்று அறிய அவையே வழியாகும்.