கணக்குக் கேளாத அலமாரி

திருவாலங்காடு என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் காரைக்கால் அம்மையார். அவர் தம் இறுதிக் காலத்தில் வந்து தங்கிப் பாடிய ஊர் அது. அவரது வாழ்வைத் திசைதிருப்பிய நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனிகள் இரண்டு. பசித்து வந்த அடியார் ஒருவருக்கு, கறி இன்னும் ஆகாத நிலையில், சோற்றோடு ஒரு கனியை இட்டுவிடுகிறார் அம்மையார். பின்னர் கணவன் இரண்டாவது கனியையும் கேட்டபோதுதான் அவருக்கு இக்கட்டு நேர்ந்தது. சமயத்தால் வேறுபட்ட நாமும் இக்கதையில் ஒன்றைக் கண்டுகொள்ளலாம். உண்டவரை நோக்கி, 'நீர் யார், உமக்கு மெய்யாகவே பசிதானா?' என்று எவரும் வினவவில்லை. கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது கொடுத்தவருக்கே.

இதற்கு நேர்மாறான முறை ஒன்றையும் இம்மண் கண்டிருக்கிறது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856-இல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை, திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் இணைத்து, திருவாலங்காட்டின் வழியேதான் செல்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னைக் கடற்கரையில் கப்பல்கள் இறக்கிய தானிய மூட்டைகள் இப்பாதை வழியே உள்நாட்டுக்கு ஏற்றப்பட்டன. தானியம் வந்தது, ஆனால் அதன் விலை ஏழையின் கைக்கு எட்டவில்லை. இருப்புப்பாதை இருந்தும் மக்கள் மாண்டனர் என்பது அந்நாளைய ஆட்சியாளரையே திகைக்க வைத்த உண்மை. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் எனப்படுகிறது. வட ஆற்காடும் செங்கற்பட்டும் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்கள்.

1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செலவைக் குறைக்கும் பொருட்டு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என வரையறுத்தார். ஓர் இராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அதைப் பெறவும் மண் சுமக்க வேண்டும். தன் ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள முகாமுக்குச் செல்ல வேண்டும். மெய்யான பசியுள்ளவன் மட்டுமே இத்தனை இன்னலுக்கும் உடன்படுவான் என்பது அவர்கள் வாதம். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே மறுத்து வாதாடினார். மாதங்கள் சில கடந்த பின்னரே கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்கூடையோடு சாய்ந்தனரோ! தகுதியற்றவன் ஒருவன் உண்டுவிடுவானோ என்ற அச்சம், தகுதியுள்ள பல்லாயிரவரைக் கொன்றது என்றே நான் கருதுகிறேன்.

இத்தனைக்கும் வேறொரு வழி கண்முன்னே இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன், 1867 மே 23 அன்று, வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையைத் தொடங்கியிருந்தார். சாதியோ சமயமோ கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

நம் விவிலியமும் இவ்வகையில் நுண்ணியது. வயலின் ஓரக்கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியர் நூல். அறுத்துக் கட்டி, வாயிலில் அழைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை, விட்டுவிடச் சொல்கிறது. ரூத்து கதிர் பொறுக்க வந்தபோது போவாசு ஒருபடி மேலே சென்றார்: கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடவும், அவளை அதட்டாதிருக்கவும் பணியாளருக்குக் கட்டளையிட்டார். கொடுப்பவர் மறைந்துகொள்கிறார், பெறுபவள் தன் கையாலேயே எடுத்துக்கொள்கிறாள்.

கிறிஸ்தவர் கொடுத்த சோற்றுக்கு மற்றொரு பழியும் உண்டு. 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏளனத்தைக் கேளாத மூத்தோர் நம்மிடையே அரியர். அது முற்றும் பொய்யென நான் வாதிட மாட்டேன். எனினும் நமக்கு வடக்கே ஒங்கோலில், அமெரிக்க பாப்டிஸ்டு மறைப்பணியாளர் ஜான் கிளஃப், அதே பஞ்சத்தின்போது பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்டும் ஒப்பந்தத்தை ஏற்றுப் பசித்தோருக்கு வேலையும் கூலியும் அளித்தார். நிவாரணம் நடந்த காலத்தில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க மறுத்துவிட்டார். சோற்றுக்காக ஒருவரும் சேரலாகாது என்பது அவர் கருத்து. வேலை முடிந்த பின், 1878 சூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவர் நம் சபையினர் அல்லர். ஆயினும் இக்கண்டிப்பை நாம் கற்றுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் வழங்கிய பிடியரிசியை இங்கு நினைவுகூர்கிறேன். உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் போடுவது. காஞ்சிப் பெரியவரும் இவ்வழக்கத்தைத் தம் அன்பரிடையே பரப்பினார். மிசோரத்தின் கிறிஸ்தவப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக இதனைக் காத்து வருகின்றனர். என் அன்னையார் வீட்டில் அரிசி குறைந்த நாள்களிலும் இதை விட்டதில்லை. பிடி சிறுத்ததுண்டு, அவ்வளவுதான்.

இன்று தமிழகத்தில் 2011 முதல் அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அப்படியிருக்கப் பசி எங்கே என்று கேட்போர் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்குச் சென்று பார்க்கட்டும். மழை ஓய்ந்தபின் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருவோர், முன்பணக் கடனில் சிக்கிய இருளர்கள், அட்டையில் தனியாகப் பெயரில்லாத முதியோர் எனப் பலர் அங்குண்டு. அரிசி இருந்தால் பருப்பில்லை. பருப்பு இருந்தால் எண்ணெய் இல்லை. 2020-இன் ஊரடங்கு இதனை எல்லாருக்கும் காட்டியது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2017-இல், சென்னை பெசன்ட் நகரில் பல் மருத்துவர் ஒருவர் ஆத்திசூடித் தொடர் ஒன்றைப் பெயராகச் சூட்டி, தெருவோரத்தில் பொதுக் குளிர்பதனப் பெட்டி ஒன்றை வைத்தார். விருப்பமுள்ளோர் உணவை வைக்கலாம்; தேவையுள்ளோர் எடுத்துக்கொள்ளலாம்.

அதைக் கேள்வியுற்று நானும், இப்பகுதியில் நான் பணியாற்றிய ஒரு சிற்றூரில், கோவில் முகப்பில் மர அலமாரி ஒன்றை வைத்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பொட்டலம், புளி, சோப்பு. கூடவே ஒரு குறிப்பேடும் வைத்தேன். எடுப்போர் பெயரும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் எழுத வேண்டும். நன்கொடையாளர்க்குக் கணக்குக் காட்ட வேண்டுமன்றோ! ஒரு திங்கள் கழிந்தது. குறிப்பேட்டில் மூன்று பெயர்கள். பருப்பில் வண்டு விழுந்தது. 'ஊரில் பசியில்லை போலும்' என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கோவிலைப் பெருக்கும் அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னார்: "சாமி, இங்கே வந்து எடுத்தா தெருவே பார்க்குது. அதுவும் பேரு எழுதிட்டு எப்படி எடுப்பாங்க?" ஓர் இராத்தல் தானியத்திற்கு டெம்பிள் வைத்த சோதனையை நானும் என் அளவில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. குறிப்பேட்டை எடுத்துவிட்டு, அலமாரியைப் பின்புறம் கிணற்றடி வேப்பமரத்தின் பக்கம், விளக்கு வெளிச்சம் நேராக விழாத இடத்திற்கு மாற்றினோம். மறுவாரமே தட்டுகள் காலியாயின. எவர் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. சிலர் மிகுதியாக எடுத்திருக்கவும் கூடும்.

அறுவடை முடிந்த ஒரு காலைப்பொழுதில், கீழ்த்தட்டில் எங்கள் பொட்டலங்களில் சேராத ஒன்று இருந்தது: பழைய துணியில் முடிந்த இரண்டு படி கேழ்வரகு. வைத்தவர் பெயரும் எழுதப்படவில்லை.