மரத்த பாதமும் மாவுக்கட்டும்: நீரிழிவுப் புண் சிகிச்சை செங்கல்பட்டிலிருந்து கார்வில் சென்ற வரலாறு

"சுகர் புண் ஆறாது" என்பது நம் வீடுகளில் பழமொழிபோல் புழங்கும் வாக்கியம். காலில் ஒரு கொப்புளம் உடைந்து சீழ் கோத்துக்கொண்டால், அன்றைக்கே பாதி நம்பிக்கையை இழந்துவிடும் குடும்பங்கள் பல. இதைப் பாமர நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 1980கள் வரை மருத்துவ உலகின் பெரும்பகுதியும் இதே கருத்தை வெவ்வேறு வடிவங்களில் நம்பி வந்தது. ஆறாமை நோயின் இயல்பு என்று கொண்டபின், விரலையோ பாதத்தையோ காலையோ எடுத்துவிடுவது எளிதில் வந்துசேரும் முடிவாக இருந்தது. அந்த நம்பிக்கை எங்கே, யாரால், எந்தக் கேள்வியால் உடைந்தது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. வழி பாஸ்டனையும் லண்டனையும் தொட்டுச் சென்றாலும், அதன் திருப்புமுனை செங்கல்பட்டு, வேலூர்த் தொழுநோயாளிகளின் பாதங்களில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இன்சுலினுக்கு முன்னும் பின்னும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷல் த கால்வி, கால் அழுகலுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினார். 1884இல் லண்டன் அறுவை மருத்துவர் பிரெடெரிக் டிரீவ்ஸ், உள்ளங்காலில் துளைத்துக்கொண்டு போகும் புண்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். புண்ணைச் சுற்றிய காய்ப்பைச் சீவி எடுக்க வேண்டும், காலுக்கு ஓய்வு தர வேண்டும், ஆறியபின் அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பவை அவர் சொன்ன சிகிச்சையின் சாரம். இன்றைய பாதப் புண் மருத்துவத்தின் எலும்புக்கூடு அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. 1887இல் நாட்டிங்காம் நகரின் டேவிஸ் பிரைஸ், இத்தகைய புண்கள் இரு பாதங்களிலும் இருந்த ஒரு நீரிழிவு நோயாளியைப் பதிவு செய்து, நரம்புக் கோளாற்றோடு அதைப் பொருத்திக் காட்டினார். ஆனால் அக்காலத்தில் நீரிழிவு முற்றியவர்கள் நெடுநாள் உயிர்வாழவில்லை. காலைக் காப்பது பற்றி யோசிக்க அவகாசமே இல்லாத காலம் அது.

1922இல் இன்சுலின் வந்தபின் நிலைமை தலைகீழானது. மயக்க நிலைக்குப் போய் இறந்தவர்கள் பிழைத்தார்கள். நீண்ட நாள் வாழ்ந்தார்கள். நரம்பும் ரத்தக் குழாயும் கெடும் அளவுக்கு வாழ்ந்தார்கள். பாஸ்டனின் எலியட் ஜோஸ்லின் 1934இல் எழுதிய கட்டுரை, மயக்கத்தால் நேரும் சாவு குறைந்து கால் அழுகலால் நேரும் சாவு கூடியிருப்பதைக் காட்டியது. இந்த அழுகல் விதி அனுப்பி வைப்பதன்று, மனிதக் கவனக்குறைவில் பிறப்பது என்பது அவருடைய உறுதியான முடிவு. அவரோடு இணைந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் லேலண்ட் மெக்கிட்ரிக், பென்சிலின் வந்த துணிவில், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய இடத்தில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் நீக்கும் அறுவையை 1949இல் விவரித்தார். நுண்ணுயிர்க்கொல்லி இந்த வரலாற்றில் நுழையும் முக்கியமான இடம் இது. அதன்பின் அது தன் தகுதிக்கு மேல் போற்றப்பட்டது. மருந்தைக் கூட்டினால் புண் ஆறிவிடும் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது.

செங்கல்பட்டு, வேலூர், கரிகிரி

கொல்லிமலையில் கிறித்தவ ஊழியர்களின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். மடங்கிய விரல்கள், குறைந்த பாதங்கள், ஆறாத புண்கள். அன்றைய பொதுக் கருத்து, தொழுநோயாளியின் சதை தானே அழுகி உதிர்கிறது என்பது. பிராண்டும் உடனிருந்தோரும் ஒவ்வொரு காயத்துக்கும் அதன் காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிய கை, செருப்புக்குள் இருந்த ஆணியோடு நாள் முழுக்க நடந்த கால், தூங்கும்போது எலி கடித்த விரல் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சதையில் கேடில்லை; வலி தெரியவில்லை, அவ்வளவுதான். அறுவைக் காயம் அதே கையில் மற்றவர்களுக்குப் போலவே ஆறியதை அவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள்.

பாதப் புண்ணுக்கு அவர்கள் கைக்கொண்ட வழி மாவுக்கட்டு. அது முற்றிலும் புதியதன்று. இலங்கையின் மில்ராய் பாலும் இந்தியாவின் ஜோசப் கானும் 1930களிலேயே தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நோயாளியை நடக்க விட்டிருக்கிறார்கள். இதன் சூத்திரம் எளிமையானது. கட்டு பாதத்தோடும் கெண்டைக்காலோடும் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதால், ஒரே புள்ளியில் விழும் உடல் எடை பாதம் முழுவதற்கும் காலின் சுற்றுப்புறத்துக்கும் பரவிவிடுகிறது. புண்ணின் மேல் மருந்து வேறு பெரிதாக எதுவும் இல்லை. பல மாதம் ஆறாத புண் சில வாரங்களில் மூடியது. ஊருக்குப் போய் வெறுங்காலோடு நடந்தவர்கள் மீண்டும் அதே இடத்தில் புண்ணோடு வந்தார்கள். ஆகவே காலணி ஆராய்ச்சி தொடங்கியது. நுண்ணறைகள் கொண்ட மென்ரப்பர் அட்டையை உள்ளே வைத்த எம்.சி.ஆர். செருப்பு, வேலூரிலும் அதை அடுத்த கரிகிரி தொழுநோய் மையத்திலும் நடந்த அந்த உழைப்பில் விளைந்தது. நம் ஊர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று எழுதித்தரப்படும் செருப்பு அதன் நேர் வாரிசு.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை கொடுத்தால் தீங்கு செய்யாத அழுத்தம், திரும்பத் திரும்ப விழுந்தபோது முதலில் பாதத்தைச் சூடாக்கியது, பிறகு வீங்கவைத்தது, கடைசியில் புண்ணாக்கியது. மரத்த காலோடு நடப்பவரின் உள்ளங்காலில் அன்றாடம் நிகழ்வது இதுதான். நரம்பு கெட்டவர்களில் தொழுநோயாளியும் நீரிழிவு நோயாளியும் ஒரே பிரச்சினை உடையவர்கள் என்பது கார்விலில் தெளிவாயிற்று. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய முறையும் அங்கிருந்து 1986இல் வெளிவந்த ஆய்வால் உலகெங்கும் பரவியது. 1989இல் 40 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மாவுக்கட்டுப் போட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சராசரியாக 42 நாட்களில் புண் ஆறியது. வழக்கமான கட்டு மாற்றும் சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கே ஆறியது.

சீழ் வந்த பாதம்

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாவுக்கட்டு சீழ் கோத்த, ரத்த ஓட்டம் கெட்ட பாதத்துக்கானதன்று. உள்ளங்காலின் சதை இறுக்கமான அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு அறையில் சீழ் சேர்ந்தால் அது தசைநாண் வழியே மேலேறும். வலி தெரியாத மனிதர் அதன் மேல் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் சீழை இன்னும் உள்ளே தள்ளுகிறது. உயர்ந்த சர்க்கரை வெள்ளையணுக்களின் வேகத்தைக் குறைக்கிறது. ஆழமான தொற்று உள்ள பலருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. நன்றாக இருந்த சர்க்கரை அளவு காரணமின்றி ஏறுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே திறந்து சீழை வெளியேற்றுவதும் செத்த சதையை அகற்றுவதும் மருந்துக்கு நிகரான அவசரம் உடையவை. மூடிக் கிடக்கும் சீழுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி சரியாகச் சென்று சேர்வதில்லை.

தொற்றை அடையாளம் காண்பதிலும் மெல்லத்தான் தெளிவு வந்தது. திறந்த புண் எதிலும் கிருமி இருக்கும். கிருமி வளர்ப்புச் சோதனையில் ஏதாவது வளரும். அதைப் பார்த்து மருந்து கொடுத்த காலம் நெடியது. 2004இல் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும், அதே பத்தாண்டில் பன்னாட்டு நீரிழிவுப் பாதக் குழுவும் வகுத்த நெறி, தொற்றைக் கண்ணாலும் கையாலும் முடிவு செய்யச் சொல்கிறது. வீக்கம், வலி, சூடு, சிவப்பு, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் தொற்று. சிவப்பு புண்ணைச் சுற்றி 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் பரவினால், அல்லது புண் தசைநாணையோ எலும்பையோ எட்டினால், அது அடுத்த நிலை. காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தொற்று இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கூடாது. மேலே பஞ்சால் துடைத்தெடுக்காமல், சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து சிறு துணுக்குச் சதையை எடுத்தே பரிசோதிக்க வேண்டும். நம் சூழலுக்கு இது மிகவும் பொருந்தும். மேலை நாட்டு நூல்கள் ஸ்டெஃபிலோகாக்கஸ் உள்ளிட்ட கிராம்-பாசிட்டிவ் கிருமிகளை முன்வைக்கும்போது, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஆய்வுகள் கிராம்-நெகட்டிவ் கிருமிகள் மேலோங்கி நிற்பதைக் காட்டுகின்றன. அங்கே எழுதிய மருந்துப் பட்டியலை இங்கே அப்படியே பின்பற்றினால் காலை இழக்க நேரலாம்.

பாஸ்டனில் உடைந்த இன்னொரு நம்பிக்கை

1959இல் வெட்டியெடுத்த கால்களைச் சோதித்த ஓர் ஆய்வு, நீரிழிவில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன என்று சொன்னது. அந்தச் சிறு குழாய்களை எவராலும் திறக்க முடியாது. ஆகவே பெரிய குழாயைச் சரிசெய்து பயனில்லை என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்து கால் நூற்றாண்டு நீடித்தது. எத்தனை கால்கள் அந்த எண்ணத்துக்குப் பலியாயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒரு வரலாற்றாசிரியராக எனக்கு இது ஆறாத குறை. 1984இல் பாஸ்டனின் ஃபிராங்க் லோகெர்ஃபோவும் ஜே காஃப்மனும், அப்படிப்பட்ட நுண்குழாய் அடைப்புக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களில் இருக்கிறது. அவற்றைத் தாண்டிப் பாதத்துக் குழாய்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. அங்கே மாற்றுவழி (பைபாஸ்) போட்டுவிட்டால் புண்ணுக்கு ரத்தம் போகும். திருமணியில் கேட்ட அதே கேள்வியை இவர்கள் ரத்தக் குழாயிடம் கேட்டார்கள்: ஆறவிடாமல் தடுப்பது எது?

இந்த இரு கண்டுபிடிப்புகளும் ஒரே அறைக்குள் வந்தது லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில். மைக்கேல் எட்மண்ட்ஸ் 1981இல் தொடங்கிய பாதக் கிளினிக்கில் நீரிழிவு மருத்துவர், அறுவை மருத்துவர், பாத மருத்துவர், செவிலியர், காலணி செய்பவர் எல்லாரும் ஒரே நாளில் ஒரே நோயாளியைப் பார்த்தார்கள். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் பெரிய அளவிலான கால் நீக்கங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் பிரகடனம் ஐரோப்பா முழுமைக்கும் அதே பாதியை இலக்காக வைத்தது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் நீரிழிவு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர் பேராசிரியர் ம.விஸ்வநாதன். அவர் வட சென்னையின் ராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை பாதப் பராமரிப்புக்குப் பெயர் பெற்றது. 2004இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வு, தக்க உள்ளட்டை வைத்த காலணி புதிய புண்ணைக் குறைப்பதை அளந்து காட்டியது. வேலூரில் தொழுநோயாளிக்காகப் பிறந்த செருப்பு, இவ்வாறு வேறொரு நோயாளியின் காலில் வட சென்னைக்கு வந்து சேர்ந்தது.

இருந்தும் பெருவாரியான இடங்களில் நடப்பது என்ன? நோயாளி தினமும் வருகிறார், கட்டு மாற்றுகிறார்கள், மருந்து எழுதுகிறார்கள், அவர் அதே காலை ஊன்றிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார். கழற்றக்கூடிய காலணி தருவதால் மட்டும் இது தீராது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அத்தகைய காலணி பெற்றவர்கள் தங்கள் நடையில் 28 சதவீதத்தின்போதே அதை அணிந்திருந்ததைக் கண்டது. அதை நோயாளியின் அலட்சியம் என்று பழிப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. வலிதான் ஒரு மனிதனை நொண்ட வைக்கிறது. அது இல்லாதவரிடம் அறிவுரையால் மட்டும் அந்த வேலையை வாங்க முடியாது. தொற்று அடங்கி, ரத்த ஓட்டமும் போதுமானதாக இருக்கும் உள்ளங்கால் புண்ணுக்குக் கழற்ற முடியாத கட்டே முதல் தேர்வு என்று பன்னாட்டுக் குழுவின் 2023ஆம் ஆண்டு நெறி கூறுவதன் பின்புலம் இதுவே. அதே ஆண்டில் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மாவுக்கட்டைப் பக்குவமாகப் போடவும், எம்.சி.ஆர். அட்டையைப் பாதத்துக்கேற்ப வெட்டவும் தெரிந்த கைகள் தொழுநோய் ஒழிப்புப் பணியில் பயின்றவர்களிடம் இருந்தன. அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கரிகிரியிலும் திருமணியிலும் எஞ்சியிருக்கும் அந்தப் பயிற்சியை மாவட்ட மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுகளுக்கு மாற்றும் வேலை, அவர்களுள் கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள் இருக்கும்போதே நடக்க வேண்டியது.