லண்டனின் ஜார்ஜ் விடுதி: எஞ்சி நிற்கும் ஒரு பக்கம்

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதர்க் பகுதியின் பரோ நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்வாங்கி நிற்கிறது ஜார்ஜ் விடுதி. மாடித் தாழ்வாரங்களுடன் லண்டனில் எஞ்சியுள்ள ஒரே குதிரைவண்டி விடுதி இதுவே. இதனை ஷேக்ஸ்பியர் காலத்துக் கட்டடமாகக் கருதுவோர் உண்டு. ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616இல். இன்றுள்ள கட்டடம் எழுந்தது 1677இல். எனினும் இக்கருத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு கட்டடத்தின் வயதும் அதன் வடிவத்தின் வயதும் ஒன்றல்ல என்பதற்கு ஜார்ஜ் விடுதி தக்க சான்று.

1598இல் வெளிவந்த தம் லண்டன் வருணனை நூலில் ஜான் ஸ்டோ, சதர்க்கின் விடுதிகளுள் ஒன்றாக ஜார்ஜின் பெயரையும் குறிப்பிடுகிறார். இங்கு விடுதிகள் செறிந்ததற்குக் காரணம் பாலம். 1729இல் பட்னியில் மரப்பாலம் அமையும் வரை, லண்டனுக்குள் ஆற்றைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றே இருந்தது. இருபுறமும் வீடுகள் அடைத்த குறுகிய பாலம் அது; இரவில் அதன் வாயில் மூடப்படும். கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களிலிருந்து வந்த சரக்கு வண்டிகளும் பயணிகளும் பாலத்தின் தென்முனையிலேயே தங்க நேர்ந்தது.

இத்தேவையே கட்டட அமைப்பையும் வகுத்தது. சாலையோரம் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் மனை, வண்டி நுழையும் வாயில், நடுவே முற்றம், கீழ்த்தளத்தில் உணவும் மதுவும், மேல்தளங்களில் படுக்கை அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முற்றத்தை நோக்கிய மரத் தாழ்வாரமே நடைவழி. 16ஆம் நூற்றாண்டில் லண்டன் விடுதி முற்றங்கள் சில நாடக அரங்குகளாகவும் பயன்பட்டதற்கு இவ்வமைப்பே துணைநின்றது.

1676ஆம் ஆண்டுத் தீ சதர்க்கின் பெரும்பகுதியை அழித்தது, ஜார்ஜும் எரிந்தது. பத்தாண்டுகளுக்கு முன் நேர்ந்த பெருந்தீயின் விளைவாக, ஆற்றின் வடகரையிலுள்ள நகர எல்லைக்குள் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமையவேண்டும் எனச் சட்டம் வந்திருந்தது. ஜார்ஜின் மறுகட்டுமானத்திலும் செங்கல் இடம்பெற்றது. ஆயினும் முற்றத்தை நோக்கிய மரத் தாழ்வாரங்கள் மீண்டும் எழுந்தன. இதனைப் பழமைப்பற்று என்று கொள்ளவேண்டியதில்லை. வண்டித்தொழில் மாறவில்லை; ஆகவே முற்றமும் மாறவில்லை.

தொழில் மாறியது 19ஆம் நூற்றாண்டில். 1836இல் லண்டன் பாலம் ரயில் நிலையம் அருகிலேயே திறக்கப்பட்டது. தொலைதூரக் குதிரைவண்டிகள் மறைய, விடுதிகள் பொருளிழந்தன. சாசரின் புனிதப் பயணிகள் புறப்பட்ட டபார்டு விடுதி, 1676 தீக்குப்பின் மீண்டும் கட்டப்பட்டதாயினும் 1873இல் இடிக்கப்பட்டது. டிக்கன்சின் பிக்விக் கதையில் இடம்பெற்ற ஒயிட் ஹார்ட் 1889இல் வீழ்ந்தது. இலக்கியப் புகழ் இரண்டையும் காக்கவில்லை. ஜார்ஜைச் சரக்குக் கிடங்காக்கிய கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனமும் அதே 1889இல் அதன் இரு பக்கங்களை இடித்தது. தென்பக்கம் மட்டும் தப்பியது. பின்னர் அது லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் உடைமையாகி, 1937இல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அழித்ததும் ரயில்வே, எஞ்சியதைக் கையளித்ததும் ரயில்வே.

இன்று முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இக்கட்டடம் மதுக்கூடமாக இயங்குகிறது; பழைய படுக்கை அறைகள் உணவகமாகிவிட்டன. எதிர்ப்பக்கம் இல்லாமையால், நடைவழியாக இருந்த தாழ்வாரம் காண்போர்க்கு அலங்காரமாகத் தோன்றுகிறது. பாதுகாப்புச் சட்டம் மரத்தையும் செங்கல்லையும் காக்கும். அவற்றுக்குப் பொருள் தந்த மூடிய முற்றத்தையும் வண்டியோட்டிகளையும் குதிரைக்காரர்களையும் அதனால் மீட்க இயலாது. ஆகவே ஜார்ஜை ஆராயும் மாணவர், நிற்கும் பக்கத்தை அளப்பதோடு அமையாமல், இடிந்த இரு பக்கங்களையும் வரைபடத்தில் சேர்த்தே அதனை வாசிக்கவேண்டும்.