உருளைக்கிழங்கு ஏன் சுருங்கியது? விஞ்ஞானச் செய்முறைகளும் எமது பிள்ளைகளும்

இங்கிலாந்தில் ஆண்டு 10 படிக்கும் பிள்ளையிடம் “இன்றைக்கு விஞ்ஞானப் பாடத்தில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், “உருளைக்கிழங்கு வெட்டித் தண்ணீரில் போட்டோம்” என்று பதில் வரும். ஊரில் ஆய்வுகூடத்துக்குள் போகவே உயர்தரம் வரை காத்திருந்த பெற்றோர் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இதற்குத்தானா பாடசாலைக்கு அனுப்புகிறோம், அந்த நேரத்தில் நாலு கேள்வி செய்திருக்கலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் ஒரு பாதி நியாயம் உண்டு. மறுபாதியைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். 2016இல் புதிய ஜி.சி.எஸ்.ஈ. விஞ்ஞானப் பாடத்திட்டம் தொடங்கியது. அதன் முதற் பரீட்சை 2018இல் நடந்தது. அதற்கு முன்னர் மாணவர் வகுப்பில் செய்த ஆய்வுக்கு ஆசிரியர் புள்ளியிடும் முறை இருந்தது. இப்போது அது இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுப்பவர்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 செய்முறைகளையும், இணைந்த விஞ்ஞானம் எடுப்பவர்கள் குறைந்தது 16 செய்முறைகளையும் செய்திருக்க வேண்டும். செய்ததற்கென்று தனிப் புள்ளி கிடையாது. ஆனால் எழுத்துப் பரீட்சையின் மொத்தப் புள்ளிகளில் குறைந்தது 15 சதவீதம் செய்முறை பற்றிய கேள்விகளுக்கு உரியது.

இந்த 15 சதவீதம் இருமுனைக் கத்தி போன்றது. கேள்வி தாளில்தானே வருகிறது, அப்படியானால் தாளிலேயே படித்துவிடலாம் என்று சனிக்கிழமை ரியூசன் வகுப்புகள் நினைக்கின்றன. செய்முறையின் படிகளை ஒன்று, இரண்டு என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நேரமில்லாத பாடசாலைகளும் காணொளியைப் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடக்கூடும்.

ஆனால் கையால் செய்துவிட்டால் மட்டும் விளங்கிவிடுமா? இயன் ஏப்ரகாம்ஸ், ரொபின் மிலர் என்ற இருவர் இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் 25 செய்முறைப் பாடங்களை நேரில் இருந்து கவனித்து 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சொன்ன வேலையை மாணவர்களைக் கொண்டு செய்விப்பதில் ஆசிரியர்கள் நன்றாகவே வெற்றி கண்டார்கள். கண்ட விளைவை விஞ்ஞானக் கருத்தோடு பொருத்தி யோசிக்க வைப்பதில் அந்த வெற்றி இல்லை. பெற்றோரின் ஏமாற்றத்தில் பாதி நியாயம் என்று சொன்னது இதைத்தான். சமையற் குறிப்பைப் பின்பற்றுவது போலச் செய்யும் செய்முறை கைக்கு வேலை, மூளைக்கு ஓய்வு.

அந்த உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். தோல் நீக்கி ஒரே அளவான துண்டுகளாக வெட்டி, நிறுத்து, வெவ்வேறு செறிவுள்ள உப்பு அல்லது சீனிக் கரைசல்களில் போட்டு, பிறகு எடுத்து ஒற்றித் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். இவ்வளவுதான் செய்முறை. ஏன் தோலை நீக்க வேண்டும்? தோல் நீரை இலகுவில் விடாது. ஏன் ஒற்றித் துடைக்க வேண்டும்? வெளியில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் நிறையில் சேர்ந்துவிடும். மாற்றத்தை ஏன் சதவீதத்தில் சொல்ல வேண்டும்? 40 கிராம் துண்டு 36 ஆனாலும், 30 கிராம் துண்டு 27 ஆனாலும் இழப்பு 10 சதவீதமே. கிராமில் பார்த்தால் முதலாவது கூடுதலாக இழந்தது போலத் தெரியும். ஒரு துண்டைத் துடைக்க மறந்து விசித்திரமான எண் ஒன்றைப் பெற்ற பிள்ளைக்கு இரண்டாவது கேள்வியின் விடையை யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

வரைபில்தான் உண்மையான சுவை இருக்கிறது. வெறும் தண்ணீரில் கிடந்த துண்டு நிறை கூடும், கடும் உப்பில் கிடந்தது நிறை குறையும். இரண்டுக்கும் இடையில் கோடு பூச்சியத்தை வெட்டும் இடம் ஒன்று உண்டு. அந்தச் செறிவில் நீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமன். அதாவது கிழங்கின் கலங்களுக்கு உள்ளே இருக்கும் செறிவு ஏறத்தாழ அதுவே. கலத்தைத் திறக்காமலே அதன் உள்ளே இருப்பதை அளந்துவிட்டோம்! பிரசாரணம், சவ்வூடு பரவல் என்று எந்தப் பெயரில் படித்தாலும், இந்த இடத்தில் ஆசிரியர் ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசாவிட்டால் பாடம் வெறும் கிழங்கு வெட்டலாகவே முடிந்துவிடும்.

செப்பு சல்பேற்றுப் பளிங்கு செய்வதும் இப்படித்தான். கரைசலை முழுதாக வற்றவிடாமல் பாதியில் சூடாக்கலை நிறுத்துங்கள் என்று தாளில் இருக்கும். முற்றாக வற்றவிட்டுச் சூடாக்கினால் பளிங்கிலுள்ள நீரும் போய் நீல நிறம் மறைந்து வெள்ளைத் தூள்தான் மிஞ்சும் என்பது தெரிந்தால் அந்த வரி கட்டளையாக இராது, காரணமாக இருக்கும்.

ஆகவே செய்முறைக்கு முன்னும் பின்னும் உள்ள நிமிடங்களே முக்கியம். என்ன நடக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் முன்கூட்டியே எழுதிவைத்து, நடந்ததைப் பார்த்து, இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று விளக்க முயலும் முறை ஒன்று ஆசிரியர் மத்தியில் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. செலவில்லாதது. தவறாக ஊகித்த பிள்ளைதான் இதில் அதிகம் கற்கும். சேர் ஜோன் ஹோல்மன் தலைமையில் கட்ஸ்பி அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையும் செய்முறைகள் நோக்கத்தோடு நடக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. விஞ்ஞானப் பாடங்களில் சராசரியாகப் பாதியிலாவது மாணவர் செய்முறையோ ஆசிரியரின் செய்து காட்டலோ இருக்க வேண்டும் என்றது.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்குப் பதிலாக “என்ன நடக்கும் என்று நினைத்தாய், நடந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் சந்திப்பு நாளில், தவறவிட்ட செய்முறையைப் பிள்ளை பிறகு செய்ய வாய்ப்புண்டா என்றும் கேட்கலாம். பரீட்சைச் சபைக்கு, மாணவர் அனைவருக்கும் செய்முறை வாய்ப்பளிக்க நடவடிக்கை எடுத்ததாகப் பாடசாலை உறுதிக்கூற்று அனுப்ப வேண்டியிருப்பதால், அது நியாயமான கேள்வியே.

வீட்டிலும் ஒரு முறை செய்து பார்க்கலாம். பாகற்காய்க்கு உப்புப் போட்டுப் பிசைந்து வைத்தால் நீர் விடுவது அம்மாமாருக்குத் தெரிந்த சங்கதி, அதுவும் பிரசாரணம்தான். உருளைக்கிழங்கில் செய்வதானால் துண்டுகளைப் பெரிதாக, 30 கிராமளவில் வெட்டுங்கள். சமையலறைத் தராசுகள் பலவும் 1 கிராம் வரையே காட்டும். 3 கிராம் துண்டில் ஏற்படும் மாற்றத்தை அவை பிடிக்கமாட்டா. ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், மற்றதில் இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர், இரவு முழுதும் ஊறட்டும். காலையில் நிறுக்க முதல் இரண்டு துண்டுகளையும் பிள்ளையின் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றது தோல்ப்பட்டி போல வளையும்.