குறைந்த ஒளியில் கொன்றுண்ணிப் பறவை ஒளிப்படவியல்

குறைந்த ஒளியில் கொன்றுண்ணிப் பறவை ஒளிப்படவியல் என்பது கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை முதலிய பறவைகளை அவற்றின் இயற்கை வாழிடத்தில், செயற்கை ஒளியின் துணையின்றி, போதாத அல்லது சீரற்ற வெளிச்சத்தில் படம்பிடிக்கும் முறையாகும். இது இயற்கை ஒளிப்படவியலின் ஒரு பிரிவு. வெளிச்சக் குறைவே இதிலுள்ள முதன்மையான இடர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், ஒளிமானி பறவையைத் தவறாகக் கணிப்பதாலேயே பல படங்கள் கெடுகின்றன.

சில்க்காட் பள்ளத்தாக்கு

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அலாஸ்காவில் ஹெயின்ஸ் நகருக்கு அருகிலுள்ள சில்க்காட் வெண்தலைக் கழுகுக் காப்பகம். இது 1982 இல் நிறுவப்பட்டது. நிலத்தடியிலிருந்து ஊறும் வெப்பமான நீரால் இங்கு ஆற்றின் ஒரு பகுதி குளிர்காலத் தொடக்கத்திலும் உறைவதில்லை. அங்குக் காலந்தாழ்த்தி வரும் சம் சால்மன் மீன்களை உண்ண, நவம்பர் மாதத்தில் கழுகுகள் பெருந்திரளாகக் கூடுகின்றன.

பறவைகள் மிகுந்த அக்காலத்தில்தான் ஒளி மிகக் குறைவு. நவம்பர் நடுவில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு; நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரமே எழுகிறது. முகிலும் பனிப்பொழிவும் சேர்ந்தால் அந்த ஒளியும் மங்கிவிடும்.

ஒளியை அளத்தல்

ஒளிப்படக்கருவியின் ஒளிமானி, காணும் காட்சி எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொள்கிறது. வெண்முகில் பின்னணியில் கழுகு பறக்கும்போது கருவி வானத்தை அளந்து ஒளியைக் குறைத்துவிடும். பறவை கரிய நிழலுருவாகப் பதியும். இங்கு 1 முதல் 2 ஸ்டாப் வரை ஒளியைக் கூட்டவேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இருமடங்காதல் அல்லது பாதியாதல்). அதே கழுகு கரிய ஊசியிலைக் காட்டின் முன் செல்லும் நொடியில் நிலைமை தலைகீழாகும். கருவி ஒளியை மிகுதியாக்கும். வெண்தலையின் இறகு விவரங்கள் அழிந்து வெறும் வெண்புள்ளியே எஞ்சும்.

பறவை வானிலிருந்து காட்டுக்குள் நுழைந்தாலும் அதன்மேல் விழும் ஒளி பெரும்பாலும் மாறுவதில்லை, பின்னணியே மாறுகிறது. ஆகவே தானியங்கு முறையை விடுத்து, வெண்தலை வெளிறாத அளவில் ஒளியைக் கையால் நிலைநிறுத்துவதே நம்பகமான வழி. ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் வெட்டுப்படுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். இளங்கழுகுகளுக்கு ஏறத்தாழ ஐந்து வயது வரை முழுமையான வெண்தலை அமைவதில்லை என்பதால், அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி தரலாம். தமிழகக் கடற்கரைகளில் காணப்படும் செம்பருந்தும் வெண்தலையும் செந்நிற உடலும் கொண்டது; அதற்கும் இம்முறை பொருந்தும்.

தரையிலுள்ள பனி ஒளியை மேல்நோக்கித் தெறிக்கச் செய்வதால், பறக்கும் கழுகின் சிறகடிப்பகுதி ஓரளவு துலங்கும். பனியற்ற நாள்களில் அப்பகுதி இருண்டே இருக்கும்.

வேகமும் இரைச்சலும்

அடர்ந்த முகில் மூடிய பகலில் எஃப் 5.6 துளையுடன் ஐஎஸ்ஓ 1600 வைத்தால், 1/1000 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கக்கூடும். பறக்கும் கழுகுக்கு இது ஓரளவு போதும். முற்காலத்தில் பலரும் பயன்படுத்திய கோடாக்குரோம் 64 படச்சுருளில் இதே ஒளிக்கு ஏறத்தாழ 1/40 நொடியே கிடைத்திருக்கும். அமர்ந்திருக்கும் பறவையை முக்காலியின் துணையுடன் அவ்வேகத்தில் எடுக்கலாம். மீனுக்காகச் சண்டையிடும் கழுகுகளை எடுக்க இயலாது.

இருமடங்கு தொலைபெருக்கி 2 ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடும் என்பதால் இவ்வொளியில் அது பெரும்பாலும் பயன்தராது. ஐஎஸ்ஓ உயர்ந்தால் படத்தில் இரைச்சல் கூடும். ஆயினும் இரைச்சலை மென்பொருளால் குறைக்க முடியும். அசைவால் மங்கிய படத்தைச் சீராக்குவது அரிது. குறைந்த ஒளியில் எடுத்துப் பின்னர் கணினியில் வெளிச்சமூட்டினால் நிழற்பகுதிகளில் இரைச்சல் மேலும் துருத்தித் தெரியும்.

பறவையின் நலம்

ஒளி போதவில்லை என்று பறவையை நெருங்குவதே இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறு. குளிர்காலத்தில் கழுகுகள் ஆற்றலைச் சேமிக்க நெடுநேரம் அசையாது அமர்ந்திருக்கின்றன. விரட்டப்பட்டால் உணவையும் ஆற்றலையும் இழக்கின்றன. சில்க்காட்டில் பார்வையாளர்கள் ஆற்றுத்திட்டுகளில் இறங்காமல் நெடுஞ்சாலையோரத்திலிருந்தே படமெடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

இதே அலாஸ்காவில், கழுகுகள் சால்மன் மீன்வளத்தை அழிப்பதாகக் கருதப்பட்டு, 1917 முதல் 1950களின் தொடக்கம் வரை அவற்றைக் கொல்வோருக்கு அரசே பரிசுத்தொகை வழங்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் இவ்வாறு கொல்லப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் 1940 இல் இயற்றப்பட்ட வெண்தலைக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம், 1962 இல் பொன்னாங்கழுகுக்கும் விரிவாக்கப்பட்டது. இவற்றைத் தொல்லைப்படுத்துவதும் அச்சட்டப்படி குற்றமாகும். படமெடுப்போருக்கும் இது பொருந்தும்.