குரவையில் முதுமகள்: பண்டைத் தமிழர் குழு ஆடலில் மூத்தோரும் இளையோரும்

குழு ஆடல் இளையோர்க்கு உரியது, மூத்தோர் அதனைக் காண்பவர் அல்லது நினைவுகூர்பவர் என்னும் கருத்து தமிழ் நாட்டார் ஆடல் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் சொல்லப்படாமலே இயங்கிவருகிறது. களப்பணியிலும் இப்பிரிவினை தொடர்கிறது. பாடலுக்கும் சடங்கு விவரத்திற்கும் முதியவர் தகவலாளர் ஆகிறார். அடவுக்கும் ஒளிப்படத்திற்கும் இளையவர் கலைஞர் ஆகிறார். முதியவர் ஆடினால் அது வியப்புச் செய்தியாகப் பதிவாகுமேயன்றி ஆடல் மரபின் ஒரு கூறாகப் பதிவாவதில்லை. இந்தப் பிரிவினை பழைய நூல்களை வாசிக்கும் முறையையும் பாதித்துள்ளது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை எழுவர் இளமகளிரின் ஆடல் என்று விளக்கும்போது, அதனைத் தொடங்கிவைத்த மாதரி ஆட்டக்களத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறாள். நூல் அவளை அங்கு நிறுத்தவில்லை.

சங்கப் பாடல்களில் குரவை

சங்கப் பாடல்களில் குரவை குறித்த இடங்களைத் தொகுத்துப் பார்க்கும்போது முதலில் புலப்படுவது, ஆடுவோரின் வயதில் புலவர்கள் அக்கறை காட்டாமையே. புறநானூறு 129ஆம் பாடலில் குறவர்கள் வேங்கை மரம் நின்ற முற்றத்தில் குரவை அயர்கின்றனர். 24ஆம் பாடலில் பரதவர் அதனை ஆடுகின்றனர். மலைபடுகடாத்தில் குறவர் தம் பெண்டிரோடு சேர்ந்து, மான்தோல் போர்த்த சிறுபறை ஒலிக்க ஆடுகின்றனர். திருமுருகாற்றுப்படை இன்னும் ஒரு படி சென்று, சிற்றூரில் சுற்றத்தாருடன் கூடி ஆடுவதாகக் கூறுகிறது. சுற்றம் என்னும்போது அதில் எல்லா வயதினரும் அடங்குவர். ஆடுவோரின் ஊக்கத்திற்குக் காரணமாக இப்பாடல்கள் இளமையை முன்வைக்கவில்லை. மூங்கிலில் முற்றிய தேறலையும் மட்டையும் பெரும்பாலும் முன்வைக்கின்றன. கள்ளுக்கு வயது வேறுபாடு இல்லை என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

குரவைக்குச் சங்கப் பாடல்கள் பயன்படுத்தும் ‘அயர்’ என்னும் வினையும் இங்குக் கருதத்தக்கது. விழா அயர்தல், வெறி அயர்தல் என்பவற்றிற்போல அது நிகழ்த்துதலைக் குறிக்கிறது. அதே சொல் தளர்தல், தன்னை மறத்தல் என்னும் பொருள்களையும் தாங்குகிறது. இவற்றுள் எது முந்தியது என்று இங்கு முடிவு செய்யவேண்டியதில்லை. களிப்பும் களைப்பும் ஒரே சொல்லில் அடங்கும் மொழியில், ஆடலின் ஊக்கத்தை உடல் வலிமையால் மட்டும் அளப்பது பொருந்துமா என்பதே வினா.

எனினும் முதுமையையும் இளமையையும் நேருக்கு நேர் நிறுத்தும் பாடல் ஒன்று உண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூறு 243ஆம் பாடலில், தண்டூன்றி இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். குளத்தில் ஆடிய மகளிரோடு கைகோத்ததும், மருதமரக் கிளையேறி நீரில் பாய்ந்ததும் அவர் நினைவில் வருகின்றன. இப்பாடல் நீர்விளையாட்டைப் பற்றியது; குரவையைப் பற்றியது அன்று. ஆயினும் அதில் வரும் கைபிணைத்தல், தழுவுதல், தூங்குதல் ஆகிய சொற்கள் குழு ஆடலுக்கும் உரியவை. பரதவர் குரவையைச் சொல்லும் 24ஆம் பாடலும் ‘தூங்கு’ என்னும் வினையையே ஆள்கிறது. இம்முதியவருக்கு ஆட்டம் என்பது கழிந்துபோன ஒன்று. முதுமை பற்றிய பிற்காலப் பார்வையை வகுத்ததில் இப்பாடலின் புகழுக்குப் பங்கு உண்டு.

பெண்பாற் சான்றுகள் வேறுவகையாக உள்ளன. குறுந்தொகை 23ஆம் பாடலில் தோழி, சங்குமணிக் கோவைபோல் நரைத்த கூந்தலையுடைய அகவன்மகளை விளித்து, தலைவனது குன்றத்தைப் பற்றி அவள் பாடிய பாட்டை மேலும் பாடுமாறு வேண்டுகிறாள். இளையவள் கேட்க, மூத்தவள் தன் கலையை நிகழ்த்துகிறாள். அங்கு நரை கலையிலிருந்து ஓய்வுபெற்றதன் அடையாளம் அன்று; கலையின் தகுதிக்கு அதுவே அடையாளம். ஆனால் அது பாட்டு, ஆட்டமன்று. மூத்த பெண்ணொருத்தி ஆட்டத்தில் ஈடுபட்டதற்குச் சிலப்பதிகாரத்திற்கே வரவேண்டும்.

ஆயர்பாடியில் நிகழ்ந்தது

மாதரியை இளங்கோவடிகள் முதன்முதலில் அறிமுகப்படுத்தும் அடைக்கலக் காதையிலேயே ‘முதுமகள்’ என்னும் சொல் அவளுக்கு அமைந்துவிடுகிறது. அச்சொல் நூலின் இறுதிவரை அவளைத் தொடர்கிறது. இதனைக் கொண்டு அவளைத் தண்டூன்றிய கிழவியாகக் கருதவேண்டியதில்லை. அவளுக்கு ஐயை என்னும் இளமகள் இருக்கிறாள். மோர் விற்று, அரண்மனைக்கு நெய் அளந்து வாழும் உழைப்பாளி அவள். ஆயர்பாடியில் மூத்தவள், சொல்லுக்கு மதிப்புள்ளவள் என்பதே அச்சொல்லின் முதன்மைப் பொருள். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்ததும் இவ்விருமை கருதியே.

ஆய்ச்சியர் குரவை தீநிமித்தங்களோடு தொடங்குகிறது. குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. பசுக்கள் நடுங்கி நிற்க, அவற்றின் மணிகள் அறுந்து வீழ்கின்றன. இவற்றிடையே ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஆடாமல் சோர்ந்திருப்பதும் ஒரு நிமித்தமாகச் சொல்லப்படுகிறது. அங்கு இளங்கோ ஆளும் வினை ‘ஆடு’ என்பதே. துள்ளவேண்டிய இளமை துள்ளாமல் நிற்பதைக் கண்டு ஒரு மூத்தவள் ஆடலைத் தொடங்குகிறாள். ஊக்கக்குறைவை இளையதன் மேலும் முன்முயற்சியை மூத்தவள் மேலும் ஏற்றி அமைத்த இவ்வைப்பு தற்செயலானது என்று கொள்வதற்கில்லை. கறவையும் கன்றும் துயர் நீங்கவேண்டும் என்பதே குரவையின் நோக்கமாக அவள் வாயால் கூறப்படுகிறது.

பின்னர் வருவது முழுவதும் மாதரியின் நெறிப்படுத்தல். எழுவர் மகளிரைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயரால் வரிசைப்படுத்தி நிறுத்துகிறாள். குரலை மாயவனாகவும், இளியை அவன் தமையனாகவும், துத்தத்தைப் பின்னையாகவும் கொள்கிறாள். அம்மகளிர் ஒவ்வொருவரும் ஓர் ஏற்றை வளர்த்தவர். அவ்வேற்றை அடக்குபவனை மணக்கவிருப்பவர். எனவே குரவையின் வட்டம் மணப்பருவத்து மகளிரின் வட்டம் என்பதில் ஐயமில்லை. மாதரி ஆடவில்லை, ஆட்டுவித்தாள் என்னும் விளக்கத்திற்கு இதுவே வலிமையான அடிப்படை. ஏழு இசைக்கு ஏழு பெண்கள். எட்டாவது இடம் ஏது?

ஆனால் குரவையாடுவோர் எழுவராகவோ எண்மராகவோ ஒன்பதின்மராகவோ இருக்கலாம் என்னும் வழக்கை உரைமரபு ஏற்கிறது. எண்ணிக்கையை மட்டும் கொண்டு மாதரியை விலக்க இயலாது. மேலும், துளபமாலையை மாயவனுக்குச் சூட்டிக் குரவையுள் புகும் பெண்ணைக் கண்டு, இவள் பின்னையே என வியந்து குரல் எழுப்பும் ஆய்மகள் ஒருத்தி அங்கு வருகிறாள். அவள் மாதரி எனக் கொள்வதே முன்பின் தொடர்புக்குப் பொருந்தும். அவ்வாறாயின் ஆடலை அமைத்தவளே அதில் தன்னை மறந்து திளைத்த நிலையை அது காட்டுகிறது.

மூன்று சொல்லாட்சிகள்

மாதரியும் ஆடினாள் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் மூன்று வெவ்வேறு இடங்களில் சொல்லளவிலான சான்றுகள் உள்ளன.

முதலாவது, அவள் ஐயையிடம் கூறும் ‘ஆடுதும்’ என்னும் வினைமுற்று. ‘தும்’ ஈறு தொல்காப்பியர் கூறும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைச் சார்ந்தது. பேசுவோள் தன்னையும் உட்படுத்தியே சொல்லும் வடிவம். ஏவல் வடிவம் ஒன்றை இளங்கோ எளிதில் ஆண்டிருக்கலாம். எனினும் தாய் தன் மகளிடம் ‘உண்போம்’ என்று சொல்லித் தான் உண்ணாதிருக்கும் வழக்கும் உலகில் உண்டு. ஆதலின் இச்சான்று தனித்து முடிவானதன்று.

இரண்டாவது, துன்பமாலையின் தொடக்கம். குரவை முடிந்ததும் மாதரி பூவும் புகையும் சாந்தும் ஏந்தி வையையில் நீராடித் திருமாலை வழிபடச் செல்கிறாள். அங்கு அவளுக்கு வரும் அடை ‘ஆடிய’ என்னும் எச்சத்தையும் ‘சாயல்’ என்னும் சொல்லையும் இணைத்து அமைந்தது. சாயல் மென்மை என்பது தொல்காப்பிய உரியியல். ‘ஆடிய’ என்பதற்கு அசைந்த எனப் பொருள்கொண்டால், தளர்ந்து அசையும் மெல்லிய நடையுடையவள் என்று ஆகும். குரவை ஆடிய எனக் கொண்டால், ஆடிமுடித்த மென்மையுடையவள் என்று ஆகும். முந்திய காதை முழுவதும் குரவையாக இருக்க, அடுத்த காதையின் தொடக்கத்திலேயே இச்சொல்லைக் கேட்போர் இரண்டாவது பொருளையே முதலில் கொள்வர். முதற்பொருளைக் கொண்டாலும் அத்தளர்ச்சி எதனால் வந்தது என்னும் வினா எஞ்சும். ஆடி முடித்தவள் உடனே ஆற்றுக்கு நீராடச் செல்வதும் இயல்பான நடப்பே.

மூன்றாவது சான்று வரந்தரு காதையில் உள்ளது. கோவலன் கொலையுண்ட செய்தியால் அடைக்கலம் காக்கத் தவறிய மாதரி தீயில் புகுந்து உயிர்நீத்ததை நீர்ப்படைக் காதை முன்பே தெரிவித்துவிடுகிறது. வரந்தரு காதையில் அவளது மறுபிறப்பு கூறப்படுகிறது. கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் ஒரே வணிகனுக்கு இரட்டைப் பெண்களாகப் பிறந்திருக்க, மாதரி அரவணைத் திருமாலின் கோயிலைச் சார்ந்த சேடக்குடும்பியின் சிறுமகளாகப் பிறந்திருக்கிறாள். அப்பிறப்புக்குக் காரணமாக நூல் குறிப்பது கண்ணகியிடம் அவள் கொண்ட அன்பினால் ‘ஆடிய’ குரவை. பெயரெச்சம் தனக்குரிய எழுவாயைத் தானே காட்டுவதில்லை என்பது மெய். பிறரை ஆடச்செய்த குரவை என்றும் ஒருவர் விரிக்கலாம். ஆனால் அத்தொடரில் அன்புகொண்டவள், பிறந்தவள் என்னும் இரண்டு வினைகளுக்கும் எழுவாய் முதுமகளே. இடையில் நிற்கும் ஆடல் வினைக்கு மட்டும் வேறு எழுவாயை வருவிப்பது வலிந்து கொள்வதாகும்.

தனித்தனியே ஐயத்திற்கு இடமளிக்கும் இம்மூன்றும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. மாதரி இசைப்பெயரிட்ட எழுவருள் ஒருத்தி அல்லள், ஆயினும் ஆடினாள். வட்டத்திற்குப் பெயரிடுவதும், தாளம் தவறாமல் காப்பதும், உரிய இடத்தில் உள்புகுவதும் மூத்தோர் பங்காக அமைந்த ஆடல்முறை ஒன்றை இது உணர்த்துகிறது.

இன்றைய கும்மியில் இதற்கு இணையான நிலை காணக்கிடைக்கிறது. முன்பாட்டுப் பாடுபவர் பெரும்பாலும் மூத்தவராக இருப்பார். பின்பாட்டோடு கைதட்டிச் சுற்றுவோர் இளையோராக இருப்பர். பாட்டின் விரைவு ஏறுவதும் தணிவதும் முன்பாட்டுக்காரரின் தொண்டையில் இருக்கிறது; இளையோரின் கால் அதனைப் பின்பற்றுகிறது. கோவை வட்டாரத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தெரிவுசெய்யப்பட்டபோது அவருக்கு வயது 87. ஆடவரே ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றியவர் என்பது அவரது பணியின் குறிப்பிடத்தக்க பகுதி. ஒரு குழு ஆடலில் ஆடுவோர் யார் என்னும் எல்லையை மாற்றியமைத்தவர் இளைஞர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

1892இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வெளிவந்த பின் ஆய்ச்சியர் குரவை இசையாராய்ச்சிக்குப் பெருஞ்சுரங்கமாக இருந்துவருகிறது. ஏழிசையின் நிரலும் நிலையும் வட்டத்தின் இடமுறையும் நுணுகி ஆராயப்பட்டன. அவ்விசைகளுக்குரிய எழுவர்மேல் பார்வை குவிந்ததால், அவர்களை நிறுத்தியவள் ஒதுங்கிப்போனாள். வரந்தரு காதையில் மாடலன் தெளித்த நீரால் முற்பிறப்பு உணர்ந்து, இறந்தோரை அழைத்து அரற்றும் மூன்று சிறுமியருள் ஒருத்தி அவள். மற்ற இருவரையும் அப்பிறப்புக்குக் கொண்டுவந்தது கண்ணகியின்மேல் வைத்த காதல் மட்டுமே. அவளை அங்குச் சிறுமியாக்கிய காரணத்தில்தான் காதலோடு ஓர் ஆடலும் சேர்ந்திருக்கிறது.